வேலூரில் இருந்தபடியே ஃபார்மகோமெட்ரிக்ஸ் ஆன்லைன் மாஸ்டர்ஸ்: எதை முதலில், எதை அப்புறம்

மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்துக்கொண்டே இந்தப் படிப்பை முடித்தவள் நான். அதற்கப்புறம் காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஏழெட்டுப் பேர் "அக்கா, எங்கே ஆரம்பிக்கிறது?" என்று கேட்டு வந்தார்கள். கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்கினார்கள். ஃபீஸை முதலில் கட்டிவிட்டு, லாகரிதத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள். இந்தப் படிப்பில் வரிசை தப்பினால் பணமும் போகும், செமஸ்டரும் போகும். அதனால் கீழே இருப்பதை எண் வரிசைப்படியே செய்யுங்கள், இரண்டாவதைத் தாண்டி ஐந்தாவதுக்குக் குதிக்காதீர்கள்.

1. எதற்காகப் படிக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்

மருந்து உடம்பில் எவ்வளவு நேரம் எவ்வளவு இருக்கிறது, அங்கே என்ன செய்கிறது, ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது, இதையெல்லாம் கணக்கு மாடலாக எழுதி டோஸை முடிவு செய்வதுதான் ஃபார்மகோமெட்ரிக்ஸ் என்ற இந்தத் துறை. வேலை கிடைக்கிற இடங்கள் பெரும்பாலும் மருந்துக் கம்பெனிகளின் கிளினிக்கல் ஃபார்மகாலஜி குழுக்களும், அவர்களுக்காக மாடலிங் செய்து கொடுக்கும் நிறுவனங்களும்.

பார்மசி கல்லூரியில் ஆசிரியராக வேண்டும் என்பதுதான் உங்கள் வரி என்றால் இங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்கு எம்.ஃபார்ம் அல்லது ஃபார்ம்.டி தேவை. வெளிநாட்டு ஆன்லைன் பட்டத்தை வைத்துக்கொண்டு இங்கே சமநிலைச் சான்றிதழ் கேட்டு அலைவது வீண் அலைச்சல். கம்பெனி வேலைக்கு என்றால் அந்தச் சிக்கல் இல்லை. அங்கே சான்றிதழைவிட நீங்கள் எழுதிய கோடைத்தான் திறந்து பார்ப்பார்கள்.

2. கணக்கு கைக்கு வரட்டும்: விண்ணப்பத்துக்கு முன் இரண்டு மாதம்

பிளஸ் டூவில் பயாலஜி எடுத்து பி.ஃபார்ம் வந்தவர்களுக்கு இதுதான் மலை. நல்ல வேளையாக மலை சின்னதுதான். இயல் லாகரிதம், அடுக்குக்குறி, ஒரு வகைக்கெழு எதைச் சொல்கிறது என்ற புரிதல், சராசரி, மாறுபாடு, நார்மல் பரவல் ஆகியவை போதும். தொகையீட்டைக் கையால் போட்டு யாரும் உங்களைச் சோதிக்கப் போவதில்லை.

எப்படிப் பழகுவது? ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு அதைப் பத்து விதமாகத் திருப்பிப் போடுங்கள். நான் எல்லாருக்கும் கொடுக்கிற கணக்கு இது. 500 மி.கி. மருந்தை ஐ.வி. போலஸாக, அதாவது இரத்தக் குழாய்க்குள் ஒரே தடவையில் ஊசியாகக் கொடுக்கிறோம். பரவும் கன அளவு, அதாவது மருந்து கலந்து நிற்கிற டேங்க்கின் அளவு, 35 லிட்டர். கிளியரன்ஸ், அதாவது அதில் மருந்து நீங்கிச் சுத்தமாகிற அளவு, மணிக்கு 3.5 லிட்டர். தொடக்கச் செறிவு 500 ÷ 35, அதாவது லிட்டருக்கு 14.3 மி.கி. வெளியேற்ற வேகம் 3.5 ÷ 35, மணிக்கு 0.1. அரை ஆயுள், அதாவது செறிவு பாதியாகிற நேரம், 0.693 (2-இன் இயல் லாகரிதம்) ÷ 0.1, ஏறக்குறைய 7 மணி நேரம். ஏழு மணி நேரம் கழித்து லிட்டருக்கு 7.1 மி.கி. இருக்கும்.

இப்போது கிளியரன்ஸைப் பாதியாக்குங்கள். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை ஆயுள் சுமார் 14 மணி நேரமாகிறது, ஏழாவது மணியில் லிட்டருக்கு 10 மி.கி. நிற்கிறது. சரி, கிளியரன்ஸைப் பழையபடி வைத்துக் கன அளவை இரட்டிப்பாக்குங்கள். அரை ஆயுள் அதே 14 மணிதான், ஆனால் தொடக்கச் செறிவே 7.1 ஆக இறங்கிவிட்டது. அரை ஆயுள் ஒன்று, காரணம் இரண்டு, டோஸை மாற்ற வேண்டிய விதமும் இரண்டு. இது மண்டையில் ஏறாதவரை, பலருடைய டேட்டாவை ஒன்றாக வைத்துக் கட்டும் பாப்புலேஷன் மாடல் பக்கம் போகவே வேண்டாம். வேலூரில் தண்ணீர் டேங்க்கைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு டேங்க்கின் அளவு வேறு, மணிக்கு வெளியேறும் லிட்டர் வேறு என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் தாளில் எழுதும்போது நிறையப் பேர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

அப்புறம் எடைக் கணக்கு. 70 கிலோ ஆளுக்கு மணிக்கு 3.5 லிட்டர் கிளியரன்ஸ் என்றால் 35 கிலோ பிள்ளைக்கு 1.75 என்று எழுதுவார்கள். ஆனால் எடை விகிதத்துக்கு 0.75 அடுக்கு போட்டால் 2.08 வருகிறது. கன அளவுக்கு அடுக்கு 1, அது நேர் பாதி. குழந்தைக்குக் கிலோ கணக்கில் டோஸ் ஏன் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதற்கான விடை 1.75, 2.08 என்ற இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது.

3. கம்ப்யூட்டரைத் தயார் செய்யுங்கள்

16 ஜிபி ரேம் இருந்தால் நிம்மதி, 8 ஜிபியிலும் ஓட்டிவிடலாம். புள்ளியியல் கணக்குக்கான ஆர் மொழி, அதில் கோடு எழுத உதவும் ஆர் ஸ்டுடியோ இரண்டும் இலவசம். விண்டோஸ் என்றால் ஆர்டூல்ஸையும் நிறுவ வேண்டும், ஏனென்றால் என்எல்மிக்ஸ்ஆர்2, எம்ஆர்ஜிசால்வ் மாதிரியான பேக்கேஜ்கள் உங்கள் மாடலைக் கம்பைல் செய்துதான் ஓட்டும். ஆர்டூல்ஸ் இல்லாமல் "பேக்கேஜ் வேலை செய்யல அக்கா" என்று வருகிற ஃபோன் எனக்குப் பழகிவிட்டது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பொறி, ஃபோல்டர் பெயர். நடுவில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ இருந்தால் நான்மெம் மாதிரியான பழைய மாடலிங் மென்பொருள்கள் பாதை தெரியாமல் முழிக்கும். யூசர் பெயரிலேயே இடைவெளி வைத்திருப்பவர்கள் சி டிரைவில் நேராக ஒரு சின்னப் பெயரில் ஃபோல்டர் திறந்து, எல்லாவற்றையும் அதற்குள் வையுங்கள்.

4. ஃபீஸ் கட்டும் முன் ஒரு மாடலை முழுதாக ஓட்டிப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் யாரும் செய்வதில்லை. இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா, இல்லை டேட்டாவைப் பார்த்தாலே தலைவலி வருகிறதா என்று பைசா செலவில்லாமல் தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது.

ஆர் நிறுவும்போதே தியோஃபிலின் மருந்தின் டேட்டா ஒன்று கூட வரும், பெயர் 'தியோஃப்'. 12 பேர், ஆளுக்கு 11 இரத்த மாதிரி, மொத்தம் 132 வரிகள். இதில் டோஸ் தனி வரியாக இல்லை, ஆளுக்கு ஒரு டோஸ் வரியை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். சேர்த்தால் 144 வரி வரும். வராவிட்டால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது.

குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு தம்பி வரியையெல்லாம் சரியாகச் சேர்த்துவிட்டு மாடலை ஓட்டினான். பரவும் கன அளவு 0.4 லிட்டர் என்று வந்தது. அரை ஆயுள் மட்டும் 8 மணி, அச்சு அசலாகப் புத்தகத்தில் உள்ளபடி. "அரை ஆயுள் சரியா வந்திருக்கே அக்கா" என்று கேட்டான். அந்த டேட்டாவில் டோஸ் நெடுவரிசை கிலோவுக்கு இத்தனை மி.கி. என்ற கணக்கில் இருக்கிறது. முதல் ஆளின் எடை 79.6, டோஸ் 4.02, பெருக்கினால் 320 மி.கி. அவன் பெருக்காமல் 4.02 மி.கி. என்றே கொடுத்துவிட்டான். கன அளவும் கிளியரன்ஸும் ஒரே விகிதத்தில் சுருங்கியதால் இரண்டையும் வகுத்து வரும் அரை ஆயுள் மட்டும் மாட்டிக்கொள்ளாமல் தப்பிவிட்டது. கன அளவாக வர வேண்டியது 30 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஒரு மனிதனுக்குள் மருந்து சின்ன வாட்டர் பாட்டில் அளவுக்குத்தான் பரவுகிறது என்று மாடல் சொன்னால் நம்பாதீர்கள், அலகைப் பாருங்கள்.

அதே டேட்டாவில் முதல் ஆளுக்கு, மருந்து கொடுத்த நேரத்திலேயே 0.74 என்று ஒரு செறிவு இருக்கும். அதை அழிக்கத் தோன்றும். அழிக்காதீர்கள், ஏன் இருக்கலாம் என்று யோசித்து எழுதி வையுங்கள். படிப்பில் பாதி இந்த மாதிரி யோசனைதான்.

5. படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த நான்கைக் கேளுங்கள்

அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பார்மசி கல்லூரி இந்தத் துறைக்கென்றே ஆன்லைன் மாஸ்டர்ஸ் நடத்துகிறது. ஐரோப்பாவிலும் தேடினால் சில கிடைக்கும். தரவரிசையை வைத்து முடிவு செய்யாதீர்கள். அட்மிஷன் அலுவலகத்துக்கு மெயில் எழுதி நான்கு விஷயங்களைக் கேளுங்கள்.

மென்பொருள் உரிமம் ஃபீஸில் சேர்ந்ததா, அது இந்தியாவிலிருக்கும் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுமா, இல்லை அவர்கள் சர்வரில்தானா? நேரடி வகுப்பு வாரத்துக்கு எத்தனை, ரெக்கார்டிங் கிடைக்குமா? கடைசி புராஜெக்ட்டுக்கு டேட்டா அவர்கள் தருவார்களா, நீங்கள் கொண்டுவர வேண்டுமா? ஒரு செமஸ்டர் நிறுத்தி வைத்துவிட்டுத் திரும்பச் சேர முடியுமா? கடைசிக் கேள்வி முக்கியமில்லாதது மாதிரித் தெரியும். வேலை, வீடு, பிரசவம், அப்பாவுக்கு ஆபரேஷன் என்று ஏதாவது ஒன்று வரத்தான் செய்யும்.

நேரத்தை நீங்களே கணக்குப் போடுங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை 6 மணி வகுப்பு என்றால் அவர்களுடைய கோடையில் நமக்கு அதிகாலை 3:30, குளிர்காலத்தில் 4:30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள், நாம் மாற்ற மாட்டோம். மாற்றியது தெரியாமல் 3:30க்கு எழுந்து, காலியான திரையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். பிரிட்டன் என்றால் அதே மாலை 6 மணி நமக்கு இரவு 10:30 அல்லது 11:30. காலை டியூட்டிக்குப் போகிறவர்கள் எதைத் தாங்க முடியும் என்று பார்த்து முடிவெடுங்கள்.

6. சான்றிதழ், பெயர், பணம்

தமிழ்நாட்டில் பி.ஃபார்ம், ஃபார்ம்.டி படித்தவர்கள் பெரும்பாலும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள். டிரான்ஸ்கிரிப்டைக் கிண்டியில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்துதான் வாங்க வேண்டும். விண்ணப்ப வேலைகளில் இதை முதலில் ஆரம்பியுங்கள், ஏனென்றால் மற்ற வேலைகள் உங்கள் கையில் இருக்கின்றன, இது இல்லை. ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும், அதனால் அதைக் கடைசியில் எழுதுங்கள். நிறையப் பேர் இந்த இரண்டையும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

நம் ஊருக்கே உரிய தொல்லை இனிஷியல். மார்க் ஷீட்டில் 'எம். கவிதா' என்றிருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். வெளிநாட்டில் இது இரண்டு வேறு ஆட்கள். விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடுங்கள், இரண்டும் ஒருவர்தான் என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்கிரிப்ட் அனுப்பும்போது கூடவே அதையும் இணைத்துவிடுங்கள்.

பணம் அனுப்ப வங்கிக்குப் போகும்போது, வெளிநாடு போய்ப் படிப்பது வேறு, இங்கிருந்தே ஆன்லைனில் படிப்பது வேறு என்று கவுன்டரில் தெளிவாகச் சொல்லுங்கள், நோக்கக் குறியீடு மாறும். வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு வங்கி முன்கூட்டியே வசூலிக்கும் வரியான டி.சி.எஸ். பிடிப்பு வரம்பும் விகிதமும் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிறது, அந்த வருடத்துக்கானதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். இன்னொன்று, வழியில் இருக்கும் வங்கிகளின் கமிஷனை நீங்களே ஏற்கும் முறையில் அனுப்பச் சொல்லுங்கள். என் முதல் தவணையில் நடுவிலிருந்த ஒரு வங்கி கமிஷனைப் பிடித்துக்கொள்ள, சில டாலர் குறைந்து போய்ச் சேர்ந்தது. அந்தச் சில்லறைக்காக ஒன்பது நாள் பதிவு நிறுத்தி வைக்கப்பட்டது.

7. கரண்ட், வெயில், வீடு

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை மின்சாரம் நிறுத்துவார்கள், முன்கூட்டியே அறிவிப்பு வரும். அந்தத் தேதியைச் சமர்ப்பிப்புக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ரூட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் போதும். மே மாதப் பகலில் நீளமான மாடல் ரன்களை ஓட்டாதீர்கள், லேப்டாப் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ராத்திரி ஓட்டிவிட்டுத் தூங்குங்கள்.

8. முதல் செமஸ்டர்: மாடலைவிட டேட்டா ஃபைலில் நேரம் செலவிடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் சமன்பாட்டைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். மதிப்பெண் போவது என்னவோ எக்செல் ஷீட்டில்தான். ஃபைலின் அமைப்பு எளிது. ஆள் எண், நேரம், கொடுத்த டோஸ், அளந்த செறிவு, இந்த வரி டோஸா மாதிரியா என்று சொல்லும் ஈவிஐடி, பிறகு எடை, வயது போன்றவை. ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி.

வார்டு சார்ட்டிலிருந்து இதைக் கட்டும்போது நடப்பதைச் சொல்கிறேன். டோஸ் இரவு 10 மணி என்று சார்ட்டில் இருக்கும். லைன் அடைத்துக்கொண்டதால் உண்மையில் ஏறியது 10:50, அது நர்ஸ் குறிப்பில் ஓரத்தில் இருக்கும். இரவு 12:15க்கு எடுத்த இரத்தத்துக்கு முந்தைய நாள் தேதியையே போட்டிருப்பார்கள், ஏனென்றால் டியூட்டியில் இருப்பவருக்கு அது இன்னும் அதே ராத்திரிதான். ஃபைலில் நேரம் பின்னோக்கி ஓடும், மென்பொருள் பிழை காட்டி நிற்கும். நின்றுவிட்டால் நல்லது. 3-4 என்ற தேதியை எக்செல் மார்ச் 4 என்று எடுத்துக்கொண்டால் நிற்கவே நிற்காது, தப்பான விடையைச் சிரித்த முகத்தோடு கொடுக்கும். அதனால் தேதியை எழுத்தாக உள்ளிட்டு, மணி நேரமாக மாற்றும் வேலையை ஆரில் செய்யுங்கள்.

அடுத்த டோஸுக்குச் சற்று முன் எடுத்த மாதிரிக்கும் அந்த டோஸுக்கும் ஒரே நேரம் எழுதியிருந்தால், மாதிரி வரி மேலே வர வேண்டும். ஐ.வி. போலஸில் டோஸ் வரி மேலே போய்விட்டால், கொடுக்காத மருந்தையும் சேர்த்து மாடல் கணக்குப் போடும். அளவிடும் எல்லைக்குக் கீழே என்று லேப் சொன்னதைப் பூஜ்யம் என்று போடாதீர்கள், தனி அடையாளம் போட்டுக் குறித்து வையுங்கள். லேப் நானோகிராம்/மி.லி. அலகில் கொடுத்து உங்கள் டோஸ் மி.கி.யில் இருந்தால், ஆயிரம் மடங்கு திருத்தம் எங்கே செய்தீர்கள் என்று ஃபைலின் தலைப்பிலேயே எழுதுங்கள்.

ஃபைல் முடிந்ததும் மாடல் வேண்டாம். ஒவ்வொரு ஆளுக்கும் நேரம்-செறிவு படம் வரைந்து, தாளில் அச்செடுத்து, பேனாவோடு உட்காருங்கள். டோஸ் கொடுக்காத நேரத்தில் செறிவு ஏறினால் சுற்றி வையுங்கள்.

9. முதலில் சிமுலேஷன், அப்புறம்தான் ஃபிட்

மாடலை எழுதியவுடன் டேட்டாவைக் கொடுத்து ஃபிட் செய்ய, அதாவது டேட்டாவுக்குப் பொருந்தும் மதிப்புகளை மென்பொருளை விட்டுத் தேட, கை பரபரக்கும். பொறுங்கள். அதே மாடலில் நீங்களே மதிப்புகளைக் கொடுத்து ஒரு கற்பனை டேட்டா உருவாக்குங்கள், பிறகு அதை ஃபிட் செய்து நீங்கள் கொடுத்த மதிப்பு திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் கோடில் தப்பு, அல்லது மாதிரி எடுத்த நேரங்கள் போதாது. உண்மையான டேட்டாவில் இந்த இரண்டையும் பிரித்தறியவே முடியாது.

ஆளுக்கு ஆள் வேறுபாட்டை ஈட்டா என்ற எண்ணாக எழுதுவோம், இயல் லாகரிதத்தின் அடிமானமான e-க்கு அதை அடுக்காகப் போட்டு வரும் எண்ணால் கிளியரன்ஸைப் பெருக்குவோம். ஈட்டா 0.3 என்றால் சராசரியைப் போல 1.35 மடங்கு, மைனஸ் 0.3 என்றால் 0.74 மடங்கு. ஏன் நேராகக் கூட்டாமல் இப்படி? கூட்டினால் சிலருக்குக் கிளியரன்ஸ் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும், அப்படி ஒரு உடம்பு கிடையாது.

ஒரு புது பாராமீட்டரைச் சேர்க்கும்போது இலக்குச் சார்பின் (மாடல் டேட்டாவுக்கு எவ்வளவு பொருந்தவில்லை என்று காட்டும் எண்) மதிப்பு 3.84க்கு மேல் குறைந்தால் ஐந்து சதவீத அளவில் ஏற்கலாம் என்பது விதி. இதை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள், அதன் நிபந்தனையை மறந்துவிடுகிறார்கள். ஒரு மாடல் இன்னொன்றுக்குள் அடங்க வேண்டும், கணக்கிடும் முறை ஒன்றாக இருக்க வேண்டும், டேட்டா அச்சாக அதேதான் இருக்க வேண்டும். ராணிப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெண் நான்கு "மோசமான" புள்ளிகளை நீக்கிவிட்டு, மதிப்பு ஐம்பது குறைந்தது என்று சந்தோஷமாக வந்தாள். புள்ளி போனால் மதிப்பு குறையத்தான் செய்யும், மாடல் அப்படியேதான் இருக்கிறது.

வாய்வழி மருந்தில் இன்னொரு கண்ணாமூச்சி உண்டு. உறிஞ்சும் வேகமும் வெளியேற்ற வேகமும் இடம் மாறினாலும் வளைகோடு ஒரே மாதிரி வரும். தொடக்க மதிப்புகளை ஏனோதானோவென்று கொடுத்தால் மென்பொருள் தலைகீழான விடையில் போய் நிற்கும். இரண்டாவது படியில் செய்த கைக்கணக்கு இங்கேதான் உதவும், தொடக்க மதிப்பை அதிலிருந்து எடுங்கள்.

10. புராஜெக்ட்: எத்திக்ஸ் கமிட்டிக்கு ஒரு செமஸ்டர் முன்னாலேயே போங்கள்

மருத்துவமனையில் இருப்பவர்கள் நோயாளிகளின் இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்த, கைவசமுள்ள பரிசோதனை டேட்டாவை எடுக்க ஆசைப்படுவார்கள். நல்ல ஆசைதான். ஆனால் அது பெரும்பாலும் அடுத்த டோஸுக்கு முன் எடுத்த மாதிரிகள் மட்டும். அதிலிருந்து கிளியரன்ஸ் ஓரளவு வரும், உறிஞ்சும் வேகம் வராது, கன அளவும் சந்தேகம்தான். உறிஞ்சும் வேகத்தை வெளியான ஆய்வு ஒன்றிலிருந்து எடுத்து மாறாத எண்ணாக நிலைநிறுத்த வேண்டியிருக்கும். கமிட்டிக்கு எழுதும் முன் ஒன்பதாவது படியில் சொன்னபடி சிமுலேஷன் செய்து, இந்த டேட்டாவில் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அனுமதி வாங்கிய பிறகு கேள்வியை மாற்றினால் திருத்த மனு, இன்னொரு கூட்டம், இன்னொரு காத்திருப்பு.

பல்கலைக்கழகத்தின் அனுமதி தனி, உங்கள் மருத்துவமனைக் கமிட்டியின் அனுமதி தனி, இரண்டும் வேண்டும். பெயர், மருத்துவமனை எண், பிறந்த தேதி எதுவும் ஃபைலில் இருக்கக்கூடாது. நேரத்தைக்கூட முதல் டோஸிலிருந்து எத்தனை மணி என்று மாற்றிய பிறகுதான் வெளி சர்வருக்கு ஏற்றுங்கள். அடையாளச் சாவி உள்ள தாள் மருத்துவமனையிலேயே பூட்டில் இருக்கட்டும்.

முதல் ரன்னிலிருந்தே ஒரு நோட்டுப் போடுங்கள், 40 பக்க நோட்டு போதும். ரன் எண், எந்த ரன்னிலிருந்து வந்தது, என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன், மதிப்பு என்ன ஆனது, வைத்துக்கொண்டேனா விட்டேனா. வைவாவில் என்னை இருபது நிமிடம் கேட்டது ரன் 31ஐ ஏன் விட்டீர்கள் என்பதைப் பற்றித்தான். நோட்டைத் திறந்து படித்துக் காட்டினேன்.